கொம்பாய் செகுந்தோவை 88 வயதில் 'கண்டுபிடித்தார்கள்' என்று சொல்வது சரியா?

நெய்தல்காரன் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விம் வெண்டர்ஸ் 1999இல் எடுத்த 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' ஆவணப்படத்தை நாலாவதோ ஐந்தாவதோ தடவையாகப் போட்டேன். தொப்பியும் சுருட்டுமாக ஒரு தாத்தா திறந்த காரில் ஹவானா தெருக்களைச் சுற்றிவருவாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழைய கிளப் எங்கே இருந்தது என்று தெருவில் நிற்பவர்களை விசாரிப்பார். ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். கிளப்பின் பெயரை வைத்து உலகமே ஆடிக்கொண்டிருக்கிறது, அந்தப் பேட்டைக்காரர்களுக்கோ இடமே சரியாகத் தெரியவில்லை.

அந்தத் தாத்தாதான் கொம்பாய் செகுந்தோ. பெற்றோர் வைத்த பெயர் மாக்சிமோ பிரான்சிஸ்கோ ரெபிலாதோ முன்யோஸ். 1907 நவம்பர் 18, கியூபாவின் கிழக்குக் கோடியில் சாண்டியாகோவுக்குப் பக்கத்தில் சிபோனெய் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 15 வயதில் முதல் பாட்டைக் கட்டினார். 1950களில் பெயரோடும் புகழோடும் இருந்தார். அப்புறம் என்ன ஆனது? ஹவானாவில் எச். உப்மான் சுருட்டுத் தொழிற்சாலையில் புகையிலை சுருட்டும் வேலை. 1970இல் அங்கிருந்துதான் ஓய்வு பெற்றார்.

1996 மார்ச்சில் ரை கூடர் என்ற அமெரிக்க கிட்டார் கலைஞர் ஹவானாவுக்கு வருகிறார். பழைய எக்ரெம் ஸ்டூடியோவில் சில நாளில் அந்த கிளப்பின் பெயரிலேயே ஒரு ஆல்பம் பதிவாகிறது. அப்போது இவருக்கு 88 வயது. 1997இல் ஆல்பம் வெளிவந்து, 1998இல் கிராமி வாங்கி, அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் கச்சேரி. 90 வயதில்!

என் ஆதங்கம் இதுதான்: இப்படி ஒரு ஆளை ஒரு நாடு சுருட்டு சுற்ற விட்டு, பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் மறந்தே போயிருக்கிறது. கூடர் மட்டும் போகாமல் இருந்திருந்தால் இவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா?

---

சும்மாயிரு

போச்சு, என் தூக்கமும் போச்சு. படத்தை நானும் போட்டுட்டேன்.

---

மூணாங்கம்பி

நெய்தல், பதிவு நன்றாக இருக்கிறது. ஆனால் 'மறந்தே போயிருக்கிறது' என்ற இடத்தில் எனக்குச் சண்டை உண்டு.

நான் இருபது வருஷமாக கிட்டார் பிடிக்கிறவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கியூபாவில் த்ரெஸ் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. கிட்டாரை விடச் சின்னது. ஆறு கம்பி, ஆனால் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. ஸோன் என்கிற கிழக்குக் கியூபா இசையின் உயிரே அந்த த்ரெஸ் போடும் சுழல்தான். பக்கத்தில் ஸ்பானிஷ் கிட்டார் கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்துத் துணை நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி கேட்கும். த்ரெஸ் கணீர் என்று மேலே நிற்கும், கிட்டார் வட்டமாகக் கீழே கிடக்கும். இந்த மனுஷன் அந்த இடைவெளியை அடைக்க ஒரு வாத்தியத்தையே செய்துகொண்டார். அர்மோனிகோ. ஏழு கம்பி. கிட்டாரின் மூன்றாவது கம்பியான ஜி மட்டும் இரட்டை, மற்றதெல்லாம் ஒற்றை. ஒரே கையில் த்ரெஸ்ஸின் கணீரும் கிட்டாரின் கார்டும்.

இதை அவர் 88 வயதில் செய்யவில்லை, இளம் வயதிலேயே செய்துவிட்டார். கேமராவும் கூடரும் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் கையில் தயாராக இருந்தது. நீங்கள் 'மீண்டும் பிறந்தார்' என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். அவர் செத்தால்தானே மீண்டும் பிறக்க!

இன்னொன்று. அவர் கிட்டார்க்காரர் மட்டுமில்லை, படித்துத் தேறிய கிளாரினெட் வாசிப்பாளர். சாண்டியாகோ நகராட்சி பேண்டில் வாசித்தவர். பிறகு மிகேல் மாத்தாமோரோஸின் குழுவிலும் கிளாரினெட்தான். மாத்தாமோரோஸ் யார் என்று தெரியாதவர்கள் தேடிக் கேளுங்கள். கியூபாவில் அந்தப் பெயருக்கு இருக்கிற மரியாதை லேசுப்பட்டதில்லை. பென்னி மோரே என்ற பெரும் பாடகர் இளைஞராகப் பாடியதும் அந்தக் குழுவில்தான். அங்கே நின்றவரைப் போய் 'யாருக்கும் தெரியாத கிழவர்' ஆக்கிவிடாதீர்கள்.

---

நெய்தல்காரன்

> அவர் செத்தால்தானே மீண்டும் பிறக்க!

சரி ஐயா, அடி வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வி. அத்தனை பெரிய ஆள் என்றால் சுருட்டுத் தொழிற்சாலை எதற்கு? கலைஞனுக்கு மரியாதை இருந்த இடத்தில் அவன் ஏன் புகையிலைக்குப் போக வேண்டும்?

---

பருத்தித்துறை அக்கா

தம்பி நெய்தல், சுருட்டுச் சுத்துறது கேவலமான தொழில் எண்டு நினைச்சு எழுதுறியளோ? அங்க அது கைத்தொழில். பழக வருசக்கணக்கு எடுக்கும். இலையின்ர நரம்பை உருவி, உள்ளுக்கு வைக்கிற இலை வேற, கட்டுற இலை வேற, மேல போர்த்துற இலை வேற எண்டு பிரிச்சு, காத்துப் போக வழி விட்டுச் சுத்தோணும். கொஞ்சம் இறுக்கினால் இழுபடாது, தளர்த்தினால் சூடேறிக் கசக்கும். அந்தக் கைதானே பிறகு கம்பியைத் தொட்டது.

இன்னொரு விசயம் சொல்லுறன், ஆருக்கும் தெரியாட்டிக் கேளுங்கோ. கியூபாவில சுருட்டுச் சாலைகளில வாசகர் எண்டு ஒராள் இருப்பார். 1860களில தொடங்கின வழக்கம். ஒரு மேடையில ஏறி இருந்து பேப்பரும் நாவலும் சத்தமாய் வாசிப்பார். கை வேலை செய்யும், காது கதை கேக்கும். மொந்தெகிறிஸ்தோ எண்ட சுருட்டுக்குப் பெயர் வந்ததே அப்பிடி வாசிச்ச நாவலாலதான் எண்டு சொல்லுவினம். அப்பிடியான ஒரு இடத்தில வருசக்கணக்கா இருந்த மனுசனை 'காணாமல் போனவர்' எண்டு என்னால நினைக்கேலாது.

நான் இவரைக் கேட்டது படத்தால இல்லை. 90களின்ர கடைசியில பரிஸ் நகரத்தில என்ர தம்பி ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில நிண்டவன். அங்க கோப்பை கழுவுற இடத்தில ஒரு சின்ன ரேடியோ. நாள் முழுக்க இவற்ர 'சான் சான்' பாட்டுத்தானாம். பிரான்சில இவருக்கு அப்பிடி ஒரு மவுசு. தம்பி எனக்கு அந்த சீடியை வாங்கி அனுப்பினவன். ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனால் அந்த நாலு கார்ட் சுத்திச் சுத்தி வரேக்க, ஆரோ வாசலில குந்தியிருந்து ஊர்க்கதை கதைக்கிற மாதிரி இருந்தது.

---

மூணாங்கம்பி

அக்கா, கும்பிடு.

அந்த நாலு கார்டு: டி மைனர், எஃப், ஜி மைனர், ஏ. அவ்வளவுதான். கிட்டார் தொட்டு மூணாம் மாசம் பழகுகிற பையன் வாசித்துவிடலாம். வாசித்தால் 'சான் சான்' மாதிரி இருக்காது என்பது வேறு விஷயம்.

---

கணக்குப்பிள்ளை

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

'கண்டுபிடித்தல்' என்பது விற்பனைச் சொல். மேற்கத்தியச் சந்தையில் 'உலக இசை' என்று ஒரு அலமாரி வைத்தார்கள். அந்த அலமாரிக்குக் கதை வேண்டும். இடிந்த மாளிகை, 1950களின் கார், சுருட்டுப் புகை, பசித்த கிழவர்கள், காப்பாற்ற வந்த வெள்ளைக்காரர். கதை இருந்தால் தட்டு விற்கும்.

நடந்தது என்ன? முதலில், 1996இல் போட்ட திட்டமே வேறு. லண்டன் வேர்ல்ட் சர்க்யூட் நிறுவனத்தின் நிக் கோல்ட், மாலி நாட்டுக் கலைஞர்களையும் கியூபாக்காரர்களையும் சேர்த்து ஒரு ஆல்பம் போட நினைத்தார். மாலிக்காரர்களால் ஹவானாவுக்கு வந்து சேர முடியவில்லை. ஸ்டூடியோ பிடித்தாகிவிட்டது, கூடரும் வந்தாகிவிட்டது. அதனால்தான் உள்ளூர்ப் பெரியவர்களை வைத்து வேறு ஆல்பம். அந்தப் பழைய திட்டம் 2010இல்தான் 'ஆஃப்ரோகியூபிசம்' என்று வெளிவந்தது.

இரண்டாவது, அந்தப் பெரியவர்களைத் தேடித் திரட்டியவர் கூடர் இல்லை. ஹுவான் தே மார்கோஸ் கொன்சாலெஸ் என்ற கியூபாக்காரர். சியெர்ரா மாயெஸ்த்ரா என்ற ஸோன் குழுவில் த்ரெஸ் வாசித்தவர். பழைய தலைமுறையை வைத்து ஒரு ஆல்பம் பண்ண வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதே ஸ்டூடியோவில் அதே நாட்களில் 'ஆஃப்ரோ-கியூபன் ஆல் ஸ்டார்ஸ்' ஆல்பத்தையும் முடித்தார். போஸ்டரில் யார் பெயர் பெரிதாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, 1996க்கு முன்பே ஸ்பெயின்காரர்கள் வந்துவிட்டார்கள். சாண்டியாகோ அவுசெரோன் என்ற ராக் பாடகர் கியூபாவின் பழைய ஸோனைத் தேடித் தொகுத்தவர். அவர் முயற்சியில் கொம்பாய் 90களின் முதல் பாதியிலேயே ஸ்பெயின் மேடைகளில் ஏறிவிட்டார். அங்கே பாடல் தொகுப்பும் வந்தது. ஆக 'கண்டுபிடிப்பு' என்றே வைத்துக்கொண்டாலும் கூடருக்கு வரிசையில் முதல் இடம் இல்லை.

---

நெய்தல்காரன்

கூடரை ஒரேயடியாக வில்லன் ஆக்குவதும் நியாயம் இல்லை, கணக்குப்பிள்ளை. கியூபாவுடன் தொழில் செய்ததற்காக 1917இல் போட்ட 'எதிரி நாட்டு வணிகச் சட்டம்' பாய்ந்து அவருக்கு அமெரிக்க அரசு 25,000 டாலர் அபராதம் போட்டது. அந்த மனிதரும் விலை கொடுத்திருக்கிறார்.

---

கணக்குப்பிள்ளை

கொடுத்தார். நான் அவர் நேர்மையைக் குறை சொல்லவில்லை. அவர் வாசிப்பையும் சொல்லவில்லை, 'சான் சான்' பின்னணியில் அந்த ஸ்லைடு கிட்டார் எவ்வளவு அடக்கமாக நிற்கிறது! கதையை எழுதியவர்களைச் சொல்கிறேன்.

---

செங்கல் சூளை

மதுரைக்காரன் உள்ள வரலாமா? இந்த மாதிரி ஆளுகள்ல நான் ஒருத்தரப் பத்திப் பேசியே ஆகணும், இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது.

ஜோசப் ஸ்பென்ஸ். பஹாமாஸ் நாட்டுல ஆண்ட்ரோஸ் தீவு. 1910ல பொறந்தவரு. கடல்ல கடற்பஞ்சு (ஸ்பாஞ்சு) எடுக்கிற வேலைக்குப் போனாரு. 1938, 39 வாக்குல பஞ்சுக்கே நோய் வந்து அந்தத் தொழிலே படுத்துருச்சு. அப்புறம் போர்க் காலத்துல அமெரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலியாப் போயி அறுவடை வேலை. திரும்பி வந்து கொத்தனாரு. கொத்தனாருங்க! கைய நெனைச்சுப் பாருங்க.

1958ல சாமுவேல் சார்ட்டர்ஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரோஸ் தீவு ஃப்ரெஷ் க்ரீக் ஊருக்கு வர்றாரு. அங்க வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க. செங்கல் குவியல் மேல ஒருத்தரு உக்காந்து வேலக்காரங்களுக்காக கிட்டார் வாசிச்சிக்கிட்டு இருக்காரு. சார்ட்டர்ஸுக்குக் காதுல விழுந்தது ஒரு கிட்டார் இல்ல, ரெண்டு. இன்னொருத்தன் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கானான்னு எட்டிப் பாத்தாராம். யாருமில்ல.

எப்படி? ஆறாவது கம்பியை ஒரு முழுச் சுரம் எறக்கி டி-ல வச்சிருப்பாரு. கட்டைவிரல் அடியில பேஸ் தனியாப் போகும். மத்த விரல் மேல பாட்டும் குறுக்குப் பாட்டும். அதுக்கு மேல அவரு வாயி! பாட்டு வரியில பாதியை முழுங்கி, உறுமி, முனகி, சிரிச்சி, கால வேற தரையில தட்டி... மொத தடவ கேட்டா மனுசனுக்கு ஒடம்பு சரியில்லையோன்னு தோணும். மூணாவது தடவ கேட்டா விட முடியாது.

இந்தாளையும் சில தட்டு போட்டாங்க. 1959ல ஃபோக்வேஸ் கம்பெனி, 60கள்ல எலெக்ட்ரா கம்பெனி. அமெரிக்காவுக்குப் போயி கச்சேரியும் பண்ணாரு. கிட்டார்க்காரங்க வட்டத்துல இன்னைக்கும் சாமி மாதிரி. இங்க எல்லாரும் பேசுற ரை கூடர் இருக்காரே, அவரே ஸ்பென்ஸ் வாசிப்பக் கேட்டு வளந்தவர்தான். ஆனா ஸ்பென்ஸுக்கு கார்னெகி ஹாலும் இல்ல, வெண்டர்ஸும் இல்ல. 1984ல நசாவுல போய்ச் சேந்துட்டாரு. கொம்பாய் அந்த வயசுல செத்திருந்தா? 73, 74 வயசு. அவரையும் நாம இங்க பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். 95 வயசு வரைக்கும் உசிரோட இருந்ததுதான் அவரு பண்ண பெரிய காரியம்னு நான் சொல்லுவேன்.

---

சும்மாயிரு

கடைசி வரி அநியாயம். ஆனா உண்மை.

---

பருத்தித்துறை அக்கா

செங்கல் தம்பி, அந்த ஸ்பென்ஸைக் கேட்டுப் பாத்தன். முதல்ல சிரிச்சனான். என்ர மனுசன் குசினியால எட்டிப் பாத்து "ஆரப்பா உது, பல்லு வலியோ?" எண்டு கேட்டவர். இப்ப மூண்டாம் தரம் ஓடுது. நிப்பாட்டேலாமல் கிடக்கு. உங்களாலதான்.

---

கிழக்குக் காற்று

நெய்தல் முன்னால் கேட்ட கேள்விக்கு (ஏன் தொழிற்சாலை?) யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். நான் அந்தக் காலக் கியூபா வரலாற்றை வேறு காரணத்துக்காகப் படித்துக்கொண்டிருப்பவன்.

புவேனா விஸ்டா என்பது ஹவானாவின் மரியானாவ் பக்கத்தில் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று நடத்திய சங்கம். நிறம் பார்த்து உள்ளே விட்ட காலம் அது. வெள்ளைக்காரர்களுக்குத் தனி கிளப், இவர்களுக்குத் தனி கிளப். சனிக்கிழமை நடனம், அதற்கு நேரடி இசை, அதை நம்பிப் பிழைத்த வாத்தியக்காரர்கள். 1959 புரட்சிக்குப் பிறகு இப்படி நிறம் பிரித்த சங்கங்கள் மூடப்பட்டன. பிரிவினை ஒழிந்தது நல்லதுதான், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சங்கங்களோடு வாத்தியக்காரர்களின் சனிக்கிழமையும் போயிற்று. சூதாட்டக் கூடங்களும் அவற்றை ஒட்டிய மேடைகளும் போயின. இளைஞர்களின் காது வேறு பக்கம் திரும்பியது. கிட்டாரும் அரசியல் கவிதையுமாகப் புதிய பாட்டு வந்தது, மின்கருவிகளோடு புதிய நடன இசை வந்தது. ஸோன் அப்பா காலத்துப் பாட்டாகிவிட்டது.

ஆகவே அங்கே யாரும் அவரைத் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. அவர் வாசித்த வகை இசைக்கு வேலை குறைந்தது. கையில் இன்னொரு தொழில் இருந்தது, போனார். அதே ஆல்பத்தில் பாடிய இப்ராஹிம் ஃபெரெர் அவ்வளவு பெரிய பாடகர், ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அதில் பியானோ வாசித்த ரூபென் கொன்சாலெஸிடம் வீட்டில் வாசிக்க ஒரு நல்ல பியானோகூட இல்லை. அவர்களோடு ஒப்பிட்டால் கொம்பாய் நிலைமை பரவாயில்லை.

ஒரு சின்ன விஷயம், இழைக்குத் தேவையோ இல்லையோ: அவர் பிறந்த சிபோனெய் ஊர்ப் பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்துதான் 1953 ஜூலையில் ஃபிடல் காஸ்ட்ரோவும் தோழர்களும் மொன்காதா படைமுகாமைத் தாக்கக் கிளம்பினார்கள். புரட்சியின் வரைபடத்தில் இருக்கும் ஊர் அவர் ஊர்.

---

மூணாங்கம்பி

எல்லாரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இந்த இழையில் சொல்ல இருப்பதே இதுதான். பெயரைப் பாருங்கள்.

'கொம்பாய்' என்பது 'கொம்பாத்ரே'யின் கிராமத்துச் சுருக்கம். பங்காளி, கூட்டாளி என்கிற மாதிரி. 'செகுந்தோ' என்றால் இரண்டாவது. 1940களில் லொரென்சோ இயெர்ரெசுவேலோவும் இவரும் சேர்ந்து 'லோஸ் கொம்பாத்ரெஸ்' என்ற இரட்டையர் குழு வைத்தார்கள். லொரென்சோ முதல் குரல், கொம்பாய் பிரிமோ. இவர் இரண்டாம் குரல், கொம்பாய் செகுந்தோ. வேலையின் பெயரே ஆளின் பெயராக நின்றுவிட்டது.

நம் காதுக்கு 'இரண்டாம் குரல்' என்றால் கூடவே ஒத்துப் பாடுவது என்று தோன்றும். அது அப்படி இல்லை. அந்த ஊர் மரபில் முதல் குரல் மெட்டைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டாம் குரல் கீழே தனக்கென்று ஒரு பாதை போடும். சில இடத்தில் எதிர்த்திசையில் நடக்கும், சில இடத்தில் முதல் குரல் மூச்சு வாங்கும்போது நுழைந்து வெளியேறும். மெட்டு கேட்பவர்கள் மனதில் முதல் குரல்தான் நிற்கும். இரண்டாம் குரலை எடுத்துவிட்டால் மட்டும், ஏதோ காலி ஆயிற்றே என்று தெரியும். அதற்குத் தனித் திறமை வேண்டும், தனிக் குணமும் வேண்டும். லொரென்சோவையே எடுங்கள். கொம்பாயோடு பாடும்போது முதல் குரல், மரியா தெரெசா வேரா என்ற பெரிய அம்மையாரோடு பல வருஷம் பாடியபோது அவரே இரண்டாம் குரல். இரண்டுமே மரியாதையான இடம்தான்.

1955இல் இருவரும் பிரிந்தார்கள். லொரென்சோ தன் தம்பி ரெய்னால்தோவைச் சேர்த்துக்கொண்டு லோஸ் கொம்பாத்ரெஸை நடத்தினார். நம் ஆள் தனிக் குழு தொடங்கினார். ஆனால் குழுவை விட்டாலும் 'இரண்டாவது' என்ற பெயரை விடவில்லை, கவனித்தீர்களா? தனிக் குழுவின் தலைவர், பெயர் மட்டும் 'இரண்டாம் கூட்டாளி'!

இப்போது 'சான் சான்' கேளுங்கள், 1997 ஆல்பத்தில் முதல் பாட்டு. 1980களில் அவர் கட்டியது. அதைத் தான் இயற்றவில்லை, கனவில் வந்தது என்று சொல்லிவந்தார். அல்தோ செத்ரோ, மர்கானே, குவேத்தோ, மயாரி என்று கிழக்குக் கியூபா ஊர்களின் பெயர்கள். கடற்கரையில் மணல் அள்ளிச் சலிக்கும் ஒரு ஆணும் பெண்ணும். அவள் சல்லடையை ஆட்ட ஆட்ட அவனுக்கு வேலை ஓடவில்லை. அவ்வளவுதான் கதை. அந்தப் பாட்டில் முன்னால் நிற்கும் குரல் யாருடையது? எலியாதெஸ் ஓச்சோவா. இவரைவிட 39 வயது இளையவர். கொம்பாய் கீழே, கரகரவென்ற அடித்தொண்டையில், இரண்டாம் குரல்.

பாட்டு அவருடையது. உலகம் முழுக்க அவர் முகத்தைக் கொண்டுபோனதும் அதுதான். அதிலும் அவர் தன் பழைய இடத்தில்தான் நிற்கிறார். 90 வயதில் உலகமே திரும்பிப் பார்க்கும்போது யாராக இருந்தாலும் ஒரு அடி முன்னால் வரத் தோன்றும். இவருக்குத் தோன்றவில்லையா, தேவைப்படவில்லையா, எனக்குத் தெரியாது. ஹெட்ஃபோனில் கேளுங்கள், அந்தக் கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டே போங்கள். அப்புறம் வந்து சொல்லுங்கள்.

---

பருத்தித்துறை அக்கா

கேட்டன். இருபது வருசத்துக்கு மேல இந்தப் பாட்டோட இருக்கிறன், கீழ ஒராள் நிக்கிறார் எண்டு இண்டைக்குத்தான் தனிய பிடிபட்டது. சந்தோசம் தம்பி. கொஞ்சம் வெக்கமாயும் கிடக்கு.

---

நெய்தல்காரன்

நானும் கேட்டேன். 'மறந்துபோன நாடு' என்ற என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். 'கூடர் போகாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்குமா' என்ற கேள்வியை மட்டும் விட மாட்டேன். நமக்கு, இந்த இழையில் இருக்கிறவர்களுக்கு, அவர் தெரிய வந்ததற்கு அந்த ஆல்பமும் அந்தப் படமும்தான் காரணம். அக்காவின் தம்பி கேட்ட ரேடியோகூட அந்த அலையில் வந்ததுதானே?

---

கணக்குப்பிள்ளை

> அந்த அலையில் வந்ததுதானே

ஆமாம். இதில் உங்களோடு சண்டை இல்லை. 'நாம் 1997க்கு அப்புறம்தான் கேட்டோம்' என்று எழுதினால் பிரச்சினையே கிடையாது. நாம் தாமதமாகக் கேட்டதற்கு அவரை ஏன் 'தாமதமாக வந்தவர்' என்கிறோம்?

---

சும்மாயிரு

சண்டை முடிஞ்சா ஒரு சந்தேகம். அவர் தினம் சுருட்டு குடிச்சுக்கிட்டே 95 வயசு வரைக்கும் இருந்தாரே, எப்படி?

---

கிழக்குக் காற்று

அஞ்சு வயதில் பாட்டிக்குச் சுருட்டு பற்ற வைத்துக் கொடுத்து ஆரம்பித்தேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தப் பாட்டி அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், 115 வயது வரை வாழ்ந்தார் என்பார். தானும் 115 வரை இருப்பேன் என்று பேட்டிகளில் சவால் விடுவார். 2003 ஜூலை 13 அன்று ஹவானாவில் சிறுநீரகக் கோளாறால் இறந்தார். நவம்பர் வந்திருந்தால் 96. சொன்ன கணக்கில் இருபது குறைந்துவிட்டது. சாண்டியாகோவின் சாந்தா இஃபிகேனியா மயானத்தில் அடக்கம், கியூபாவின் தேசிய வீரர் ஹொசே மார்த்தி இருக்கும் அதே மயானம். சுருட்டை வைத்து யாரும் பாடம் படிக்க வேண்டாம், அது அவர் உடம்பு.

---

செங்கல் சூளை

மூணாங்கம்பி அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த அர்மோனிகோ மாதிரி நம்ம சாதா கிட்டார்லயே ஒரு கம்பி கூடப் போட்டுப் பாக்க முடியுமா? எங்கிட்ட ஒரு பழைய ஸ்டீல் கம்பி கிட்டார் கெடக்கு. போனாலும் போகட்டும்.

---

மூணாங்கம்பி

முடியும். நானே போன வருஷம் செய்தேன். சிரிக்காமல் கேளுங்கள்.

பழைய கிட்டார் ஒன்றை எடுத்தேன். தலைப்பகுதியில் ஏழாவது முறுக்காணிக்கு ஒரு துளை போட வேண்டும். பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன், "இதுல ஓட்டை போட்டா நாளைக்கு நீங்களே என்னைத் திட்டுவீங்க" என்று மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து துளைக்கருவியை எடுத்து நானே போட்டேன். நட்டில் (தலைப்பகுதிக்குக் கீழே கம்பிகள் படியும் சின்னப் பட்டை) மூன்றாவது பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஊசி அரத்தால் இன்னொரு பள்ளம். ரொம்ப நெருக்கி வைத்தால் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று உரசி கரகரக்கும், ரொம்பத் தள்ளி வைத்தால் ஒரு விரலில் இரண்டும் அடங்காது. எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. அதற்குள் இரண்டு நட்டு பாழ்.

கம்பிக்கு 12 கம்பி கிட்டார் செட் ஒன்று வாங்கினேன். அதில் மூன்றாவது ஜோடிக்கு ஒரு ஸ்தாயி மேலே நிற்கும் மெல்லிய ஜி கம்பி இருக்கும். எல்லாவற்றிலும் மெல்லியது அதுதான். 12 கம்பி வாசிக்கிறவர்களைக் கேளுங்கள், முதலில் அறுவதும் அதுதான். எனக்கும் சுருதி ஏற்றும்போதே ஒன்று அறுந்து கன்னத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஏற்றுங்கள், தம்பி.

இரண்டாவதாகப் போட்ட ஜி கம்பி அறாமல் நின்றது. டி மைனர் பிடித்தேன். நடுவில் ஒரு மணி தொங்கவிட்ட மாதிரி அந்த ஜி மட்டும் எழுந்து நின்றது. மற்ற ஐந்து கம்பியும் அதே கிட்டார்தான், ஆனால் அந்த ஒன்றைத் தொடும்போது மட்டும் வேறு யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி. ஒரு பத்து நிமிஷம் அந்தக் கம்பியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

உங்கள் கிட்டாரின் தலைப்பகுதியை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். துளை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

---

செங்கல் சூளை

நாளைக்கு வெளிச்சத்துல எடுத்துப் போடுறேண்ணே. துளைக்கருவி நம்மகிட்ட இருக்கு. கொத்தனார் வீடு இது.